நடுக்களத்தின் வயது

பிரேசில் நடுக்கள வீராங்கனை ஃபோர்மிகாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் எண்களைத்தான் எடுப்பார்கள். 1995இல் ஸ்வீடனில் தொடங்கி 2019இல் பிரான்ஸ் வரை ஏழு உலகக் கோப்பைகள். பெண்கள் கால்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1996 அட்லாண்டாவிலிருந்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை ஒன்றையும் விடாமல் ஏழு ஒலிம்பிக்குகள். நாட்டுக்காக 200க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். முதல் உலகக் கோப்பையில் அவருக்கு வயது 17, கடைசி உலகக் கோப்பையில் 41. ஆணோ பெண்ணோ, வேறு யாரும் ஏழு உலகக் கோப்பைகளில் ஆடியதில்லை. இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அடுத்து வருவது "என்ன உடம்பு!" என்ற வியப்பு. நடுக்களத்தில் ஆடி, இன்று அதே இடத்துக்குப் பெண்பிள்ளைகளைத் தயார்செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இந்தப் பாராட்டு உறுத்துகிறது. உடம்பு வாய்த்ததால்தான் ஃபோர்மிகா நீடித்தார் என்றால், இருபத்தெட்டு வயதில் நின்றுபோனவர்களுக்கு உடம்பு வாய்க்கவில்லை என்று ஆகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. நடுக்கள ஆட்டம் தாமதமாக முற்றுகிற தொழில். ஒரு பெண் அதில் தன் முழுத் திறமையைத் தொடுவதே முப்பதை ஒட்டித்தான். அதற்கு முன்பே பெரும்பாலானோரை வெளியே தள்ளிவிடுவது சம்பளமும், மருத்துவமும், லீக் இல்லாத ஆண்டுகளும். எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஃபோர்மிகாவின் ஆட்ட வாழ்க்கையைவிட நல்ல சாட்சி கிடையாது.

முதலில் இந்தத் தொழில் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கிற டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரின் வேலையில் பெரும்பகுதி பந்து அவள் காலில் இல்லாதபோதே முடிந்துவிடுகிறது. இடது பின்கள ஆட்டக்காரியிடம் பந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன்னிடம் வருவதற்கு முன்பே நடுக்களத்துப் பெண் தலையைத் திருப்பி இரண்டு தோளுக்குப் பின்னாலும் பார்த்துவிட வேண்டும். எதிரணியின் பத்தாம் எண் எங்கே நிற்கிறாள், எத்தனை எட்டில் வந்துவிடுவாள், வலது ஓரத்தில் தன் விங்கர் ஓடத் தொடங்கிவிட்டாளா, நடுவில் இருக்கிற இடைவெளி திறக்கிறதா மூடுகிறதா. அதன் பிறகு இடுப்பைப் பாதி திறந்த வாக்கில் நிற்க வேண்டும். அப்போதுதான் பந்தைத் தூரத்துக் காலால் வாங்கி, அந்த முதல் தொடுதலிலேயே ஆட்டத்தின் முகத்தை மறுபக்கம் திருப்ப முடியும். முதுகில் ஆள் ஒட்டிவிட்டாள் என்றால் திரும்பவே கூடாது. ஒரே தொடுதலில் வந்த இடத்துக்கே பந்தைக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் போய்க் கேட்க வேண்டும். இத்தனையும் இரண்டு நொடிக்குள் நடக்கிறது. பந்தை உதைப்பதைப் பதினைந்து வயதுக்குள் கற்றுக்கொடுத்துவிடலாம். பந்து வருமுன் பார்ப்பதையும் பயிற்சியில் பழக்கப்படுத்தலாம். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில், அதுவும் வலுவான எதிரணிகளோடு ஆடிய ஆட்டங்களில்தான் சேர்கிறது. கண்மாயில் இருக்கிற தண்ணீரையும் எந்த வயல் எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்து மனதில் வைத்திருக்கிற நீர்ப்பாய்ச்சியின் அறிவு எந்த வகையோ, அந்த வகை அறிவு இது. ஒரு போகத்தில் வந்துவிடாது.

இந்த வேலையின் இன்னொரு பாதி இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. எதிரணிப் பெண் ஒருத்தி முன்னே பாஸ் கொடுக்க நிமிர்கிறாள். அந்தப் பாதையில் நம் ஆள் நிற்கிறாள். பாஸ் போகவில்லை, பந்து பின்னால் திரும்புகிறது. இதை எந்தப் புள்ளிவிவரத் தாளும் அவள் பெயரில் எழுதாது. டேக்கிள் எழுதப்படும், ஃபவுல் எழுதப்படும், கோல் பெரிய எழுத்தில் எழுதப்படும். கொடுக்கப்படாத பாஸ் யார் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் நடுக்கள ஆட்டக்காரியை மதிப்பிட முடியாமல் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் வயதையும் சொல்லி ஈடுகட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். எப்போதாவது ஒருமுறை அந்த வேலை வெளிச்சத்தில் பட்டுவிடுவதும் உண்டு. 2015 உலகக் கோப்பையில் மாண்ட்ரியலில் பிரேசில் தென்கொரியாவோடு ஆடியது. 33ஆவது நிமிடத்தில் கொரியத் தற்காப்பிலிருந்து தங்கள் கோல்கீப்பருக்குத் திருப்பித் தள்ளிய பந்து பலமில்லாமல் வந்தது. அந்தப் பந்தை ஓடிப் பிடித்து கோலாக்கியவர் ஃபோர்மிகா. அப்போது அவருக்கு வயது 37. பெண்கள் உலகக் கோப்பையில் அதுவரை அந்த வயதில் யாரும் கோல் போட்டதில்லை. அந்த ஆட்டத்தில் பிரேசிலின் முன்கள ஆட்டக்காரி மார்த்தா பெனால்டியில் போட்டது அவருடைய 15ஆவது உலகக் கோப்பை கோல், புதிய சாதனை. மறுநாள் செய்தி முழுக்க மார்த்தா. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஃபோர்மிகாவின் கோலை வயதுச் சாதனையாகப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். 37 வயதுக் கால்கள் இளம் தற்காப்பு ஆட்டக்காரிகளை ஓட்டத்தில் தோற்கடித்து அந்தப் பந்தை எடுக்கவில்லை. பலமில்லாத அந்தப் பாஸ் புறப்படும்போதே அது எங்கே நிற்கும் என்று கணித்ததால்தான் அவரால் முதலில் போய்ச் சேர முடிந்தது.

வேறொரு ஆட்டம். 2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டி, சிட்னி, ஸ்பெயினும் இங்கிலாந்தும். 29ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் லூசி புரோன்ஸ் பந்தோடு நடுக்களத்துக்குள் புகுந்து, கூட்டத்தில் பந்தை இழந்தார். பந்து ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரி தெரேசா அபெய்ராவிடம் வந்தது. அவர் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் மைதானத்தைக் குறுக்காக அறுத்து இடது பக்கம் அனுப்பினார், புரோன்ஸ் காலிசெய்துவிட்டு வந்த அதே பக்கம். அங்கே மரியோனா கால்தெந்தேய் வாங்கி, ஓடிவந்த லெஃப்ட் பேக் ஓல்கா கார்மோனாவுக்குக் கொடுக்க, கோல். ஆட்டத்தின் ஒரே கோல், உலகக் கோப்பையின் கோல். பதிவேட்டில் கோல் கார்மோனாவுக்கு, உதவி கால்தெந்தேய்க்கு. அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதை முதலில் கண்டு பந்தை அங்கே அனுப்பியவருக்கு அங்கே கட்டம் கிடையாது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அபெய்ராவின் அந்த ஒற்றைப் பாஸுக்காகத்தான்.

இப்போது வயதுக்கு வருகிறேன். பெண்கள் சர்வதேச ஆட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரி 10 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுவது வழக்கம். ஆனால் அந்த ஓட்டத்தின் தன்மை வேறு. முழு வேகத்தில் வெடித்துப் பாய்வது விங்கர்களுக்கும் முன்கள ஆட்டக்காரிகளுக்கும்தான் அதிகம். நடுவில் ஓடுவது பெரும்பாலும் நடுத்தர வேகத்தில், நிற்காமல். வயது முதலில் பறிப்பது வெடிப்பு வேகத்தை. தாக்குப்பிடிக்கும் திறன் அதைவிட வெகுகாலம் நிற்கும். ஒரு பக்கம் மெதுவாகக் கழிகிற உடல், மறுபக்கம் ஏறிக்கொண்டே போகிற ஆட்ட அறிவு. இரண்டும் சந்திக்கிற உச்சம் மற்ற இடங்களைவிட நடுக்களத்தில் தள்ளியே வருகிறது. ஜப்பானின் ஹோமாரே சாவாவைப் பாருங்கள். இளமையில் கோலுக்கு அருகில் ஆடியவரைப் பயிற்சியாளர் சசாகி நோரியோ பின்னுக்கு இழுத்து நடுக்களத்தின் அடியில் நிறுத்தினார். அங்கே நின்றுகொண்டுதான் 2011இல், 32 வயதில், சாவா ஐந்து கோல்களோடு உலகக் கோப்பையின் தங்கப் பந்தையும் தங்கக் காலணியையும் சேர்த்து வாங்கினார். பிராங்க்ஃபர்ட் இறுதிப்போட்டியில் 117ஆவது நிமிடம் அயா மியாமா எடுத்த கார்னரை ஓரக்காலால் திருப்பி அமெரிக்காவோடு சமன்செய்ததும் அவர்தான். அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் 1991 உலகக் கோப்பையில் 10 கோல் போட்ட முன்கள ஆட்டக்காரி. நாள்பட்ட சோர்வு நோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்த நிலையில் அவர் பின்னால் வந்து டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ஆனார். 1999 இறுதிப்போட்டியில், 33 வயதில், சீனாவின் தாக்குதல்களை 90 நிமிடம் நடுவிலேயே முறித்தார். உடம்பு நன்றாக வாய்த்தவர்கள் மட்டுமே நடுக்களத்தில் நீடிக்கிறார்கள் என்ற கணக்கு ஏக்கர்ஸ் ஒருவரோடேயே உடைந்துபோகிறது.

அப்படியானால் உலகமெங்கும் முப்பத்தைந்து வயது நடுக்கள ஆட்டக்காரிகள் நிறைய இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? காரணத்தைப் பிரேசிலிலேயே தொடங்கிப் பார்க்கலாம். 1941இல் அந்நாட்டு அரசு போட்ட 3199ஆம் ஆணை, பெண்களின் இயல்புக்குப் பொருந்தாதவை என்று கருதப்பட்ட விளையாட்டுகளை அவர்களுக்குத் தடைசெய்தது; கால்பந்து அதில் அடக்கம். தடை நீங்கியது 1979இல். ஃபோர்மிகா சால்வடோர் நகரத்தில் பிறந்தது 1978 மார்ச்சில். அதாவது அவர் பிறந்தபோது அவர் செய்யப்போகும் தொழில் சட்டவிரோதமாக இருந்தது. இன்றுள்ள வடிவில் பிரேசிலின் பெண்கள் தேசிய லீக் தொடங்கியது 2013இல். அப்போது அவருக்கு 35. ஒரு நடுக்கள ஆட்டக்காரி வாரந்தோறும் ஆடிக் கற்க வேண்டிய பதினைந்து ஆண்டுகளில் அவருடைய சொந்த நாட்டில் நிலையான தேசிய லீக் இல்லை. வெளியே போனாலும் தரை உறுதியாக இல்லை. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய தொழில்முறை லீக் மூன்றே பருவத்தில் மூடப்பட்டது. 2009இல் தொடங்கியதும் மூன்றே பருவம். அந்த இரண்டாவது லீக்கில்தான் ஃபோர்மிகா எஃப்.சி. கோல்ட் பிரைடுக்கும் சிகாகோ ரெட் ஸ்டார்ஸுக்கும் ஆடினார். பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் போன்ற பெரிய ஐரோப்பிய கிளப்பில் பல ஆண்டு நிலைத்து ஆடும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது 2017 ஜனவரியில், 39ஆவது பிறந்தநாளுக்குச் சற்று முன். நல்ல மைதானம், பிசியோ, முறையான உணவு, மாதச் சம்பளம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்த பின் அங்கே நான்கரை ஆண்டு ஆடினார். அதுவே 22 வயதில் எத்தனை பேருக்குக் கிடைத்திருந்தால் எத்தனை ஃபோர்மிகாக்கள் வந்திருப்பார்கள் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு அவர் உடம்பை வியப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சம்பளத்துக்கு அடுத்தது முழங்கால். முன்சிலுவைத் தசைநார், எங்கள் பேச்சில் ஏ.சி.எல்., பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக அறுகிறது. இடுப்பு அமைப்பு முதல் காலணி, மைதானம், பயிற்சிச் சுமை வரை காரணங்கள் பேசப்படுகின்றன. ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரி அலெக்சியா புத்தெயாஸுக்கு 2022 யூரோ கோப்பைக்கு முந்தைய நாள் அது அறுந்தது. அவருக்குப் பின்னால் பார்சிலோனாவின் மருத்துவக் குழு இருந்தது. மறு ஆண்டு உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அறுவை சிகிச்சைக்கும், ஒன்பது மாத மீட்சிப் பயிற்சிக்கும், அந்தக் காலத்துச் சம்பளத்துக்கும் ஆள் இல்லாத ஊர்களில் அதே காயம் பெண்ணின் ஆட்டத்தையே முடித்துவிடுகிறது. அதற்கடுத்தது தாய்மை. அப்போது ஐஸ்லாந்து அணியின் தலைவியாக இருந்த நடுக்கள ஆட்டக்காரி சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர் லியோன் கிளப்பில் ஆடியபோது கர்ப்பமானார். அந்த மாதங்களுக்கான முழுச் சம்பளம் தரப்படவில்லை. அவர் ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போனார். 82,000 யூரோவுக்கு மேல் அவருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2021 ஜனவரி முதல் அமலுக்கு வந்த ஃபிஃபாவின் பேறுகால விதி, குறைந்தது 14 வாரம் விடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு சம்பளம் என்கிறது. அந்த விதி வருவதற்கு முன் முப்பதை ஒட்டிய ஒரு பெண்ணுக்கு முன்னால் இருந்தது குழந்தை அல்லது ஆட்டம் என்ற கொடுமையான தேர்வு. நடுக்களத் திறமை முற்றுகிற வயதும் அதுவே. சரியாக அந்த இடத்தில்தான் கதவு சாத்தப்பட்டிருந்தது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்மிகா 43 வயது வரை ஆடியது பெருமையே இல்லை, பிரேசில் அடுத்தவரை உருவாக்காமல் விட்டதன் அடையாளம் என்பார்கள். உண்மை இருக்கிறது. 2016 இறுதியில் அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். 2018இல் பயிற்சியாளர் வாடாவ் கேட்டு அழைத்ததால் திரும்பினார். 2019இல் பிரான்ஸிடம் தோற்று வெளியேறிய அன்று மார்த்தா கண்ணீரோடு கேமராவைப் பார்த்து நாட்டுப் பெண்பிள்ளைகளிடம் சொன்னதன் சாரமும் இதுதான்: ஃபோர்மிகா எப்போதும் இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன், சக வீராங்கனை கிறிஸ்தியானியும் இருக்க மாட்டார், இந்த ஆட்டம் உங்களை நம்பித்தான் பிழைக்க வேண்டும். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. அடுத்தவர் ஏன் உருவாகவில்லை? லீக் இல்லாததால், சம்பளம் இல்லாததால், இருபத்தைந்தில் நல்ல பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டதால். பிரேசிலின் ஆண்கள் முதல் பிரிவுக் கிளப்புகள் பெண்கள் அணி வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமானது 2019இல்தான். ஒரே பஞ்சம்தான் அவருக்கு வாரிசு வராமலும் தடுத்தது, அவரைப் போன்ற சமகாலத்தவர்களையும் பாதியில் நிறுத்தியது.

நடுக்கள ஆட்டக்காரியின் பெறுமதியை ஆட்டத்தில் காட்டு என்று கேட்பவர்களுக்கு 2019 உலகக் கோப்பை ஒரு நல்ல சோதனை. மான்ட்பெலியேயில் ஆஸ்திரேலியாவோடு பிரேசில் 2-0 முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் ஒன்று வாங்கி 2-1. மஞ்சள் அட்டை வாங்கியிருந்த ஃபோர்மிகா இரண்டாம் பாதிக்கு வரவில்லை. ஆட்டம் 2-3 என்று முடிந்தது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் என் கட்சிக்கு வசதியாக இருக்கும். ஆனால் அதே இடைவேளையில் மார்த்தாவும் வெளியே வந்துவிட்டார். மூன்றாவது கோல் பிரேசில் தற்காப்பாளரின் தலையில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. அடுத்த ஆட்டத்தில் அட்டைகளால் தடைபெற்று ஃபோர்மிகா உட்கார்ந்திருக்க, பிரேசில் இத்தாலியை 1-0 என்று வென்றுவிட்டது. ஆகவே ஒற்றை ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து அவர் மதிப்பை நிறுவவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நான் பார்ப்பது வேறொன்றை. ஆஸ்திரேலியாவோடு ஆடிய இரண்டாம் பாதியில் பிரேசிலின் தற்காப்புக்கு முன்னால் இருக்கிற வெளி பலமுறை ஆளில்லாமல் கிடந்தது. தட்டிவிட்ட பந்து விழும் இடத்தில், அதாவது செகண்ட் பாலுக்கு, பிரேசில் ஆட்டக்காரி முதலில் போய்ச் சேரவில்லை. இந்த வகைக் கவனிப்பு எண்ணாக மாறாது என்பதால் பொய்யாகிவிடாது. பயிற்சியாளர்கள் ஆள் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான்.

முன்கள ஆட்டக்காரிகளும்தானே நீடிக்கிறார்கள், மார்த்தாவும் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேரும் ஆறு உலகக் கோப்பை ஆடவில்லையா என்பது அடுத்த கேள்வி. ஆடினார்கள். கடைசி ஆண்டுகளில் எங்கே நின்று ஆடினார்கள் என்று பாருங்கள். சின்க்ளேர் கோல் முனையிலிருந்து இறங்கி, பந்தை வாங்கிப் பங்கிட்டுத் தருகிற இடத்துக்கு வந்துவிட்டார். மார்த்தாவும் ஓரத்தில் மூன்று பேரைத் தாண்டி ஓடுவதை விட்டு, நடுவில் நின்று கடைசிப் பாஸைத் தேடுகிறவராக மாறினார். வயது ஏற ஏற அவர்கள் எங்கள் பக்கம்தான் வந்தார்கள். இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு: அமெரிக்காவின் கார்லி லாய்ட் நடுக்களத்தில் வளர்ந்து, முப்பதுக்கு மேல் முன்களத்துக்குப் போனார், 2015 இறுதிப்போட்டியில் ஜப்பானுக்கு எதிராக 16 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டார், அதில் ஒன்று நடுக்கோட்டருகிலிருந்து அடித்தது. அந்த மூன்றாவது கோலில் எனக்குத் தெரிவது நடுக்களக் கண். கோல்கீப்பர் முன்னேறி நிற்பதைப் பந்து காலுக்கு வருமுன்பே பார்த்து வைத்திருந்தவரால் மட்டுமே அந்த அடியை யோசிக்க முடியும்.

ஆட்டம் இப்போது வேகமாகிவிட்டது, எல்லோரும் மேலேறி நெருக்குகிறார்கள், நாற்பது வயதுக்கு இனி இடமில்லை என்பதும் பரவலான பேச்சு. வேகம் கூடியது உண்மை. 90 நிமிடமும் ஓடி நெருக்குவது நாற்பது வயதில் முடியாது என்பதும் உண்மை. அங்கே நிமிடங்களைப் பங்கிட்டுத் தருகிற பயிற்சியாளர் தேவை. ஆனால் யோசிக்கிற நேரம் குறையக் குறைய, முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவளின் மதிப்பு கூடத்தானே செய்யும்? சந்தையே அதைச் சொல்லிவிட்டது. 2022இல் இங்கிலாந்தின் கீரா வால்ஷை மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து பார்சிலோனா வாங்கியபோது, பெண்கள் கால்பந்தில் அதுவரை கொடுக்கப்பட்ட மிக உயர்ந்த தொகை அது என்று செய்தி வந்தது. வால்ஷ் கோல் அடிப்பவர் இல்லை. தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தை வாங்கித் திருப்புபவர். பாலோன் தோர் விருதும் 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டும் நடுக்களத்துக்கே போயிருக்கிறது. இரண்டு முறை புத்தெயாஸ், மூன்று முறை அய்தானா பொன்மதி. அவர்கள் இருவரும் கோலும் அடிக்கிற நடுக்களத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குப் பின்னால் அடிப்பகுதியைக் காத்த பத்ரி கிஹாரோவுக்கு அந்த வரிசையில் முதலிடம் கிடைக்கவில்லை. அந்த அளவுக்குப் பழைய குருட்டுத்தனம் இன்னும் மிச்சமிருக்கிறது.

இத்தனை ஆண்டு ஆடியும் பெரிய பட்டம் ஒன்றும் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. 2007 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியிடம் 0-2. 2008 பெய்ஜிங் இறுதியில் மறுபடி அமெரிக்கா, மறுபடி கூடுதல் நேரம். ஆனால் அந்த இறுதிகளுக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 2007 அரையிறுதியில் அமெரிக்காவை 4-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் முதல் கோல் ஃபோர்மிகா எடுத்த கார்னரில் வந்தது. 2008 அரையிறுதியில் ஜெர்மனி முந்திக்கொண்டபோது இடைவேளைக்கு முன் சமன்செய்தவர் அவர். ஆட்டம் 4-1 என்று முடிந்தது. வீட்டில் ஒழுங்கான லீக்கூட இல்லாத ஒரு நாடு, பெண்கள் கால்பந்தின் முன்னணி நாடுகளோடு மூன்று பெரிய இறுதிகளில் மோதியது. பட்டம் வாங்காததைவிட, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் விளக்கம் கேட்கிற விஷயம்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஃபோர்மிகாவின் பிரியாவிடை ஆட்டம் 2021 நவம்பர் 25 அன்று மனாவுஸில் நடந்தபோது எதிரே நின்றது இந்திய அணி. 1-6 என்று தோற்றோம். மனிஷா கல்யாண் ஒரு கோல் போட்டார். ஃபோர்மிகா முடிக்கிற வயதில் பாதியைத் தாண்டிய நம் பெண்கள் எத்தனை பேர் இன்னும் களத்தில் இருக்கிறார்கள்? கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன், இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள ஆட்டக்காரி, 2020இல் தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அந்த ஆண்டு ஊரடங்கில் பந்தை ஓரமாக வைத்துவிட்டுச் சென்னைத் தெருக்களில் காவல் பணி பார்த்தார். காவல் துறை, ரயில்வே, துணை ராணுவம் என்று அரசு வேலைதான் இந்தியப் பெண்கள் கால்பந்தைத் தாங்கி நிற்கிறது. அந்த வேலைகள் இல்லாவிட்டால் இருபத்தைந்துக்கு மேல் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஆனால் வேலை தருவது சோறு. ஆட்டங்களை லீக்தான் தர முடியும். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது அந்த லீக் ஒரே ஊரில், லூதியானாவில், சில வாரங்களில் நடந்து முடிந்த போட்டி. உள்ளூர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. ஆண்டுக்குச் சில வாரமே பெரிய ஆட்டம் ஆடுகிற நடுக்களத்துப் பெண்ணுக்கு, வால்ஷ் ஒரு பருவத்தில் கற்பதைக் கற்கப் பல ஆண்டு ஆகும். அப்படியும் 2018இல் தமிழ்நாடு, மணிப்பூரை வீழ்த்தி தேசியப் பட்டம் வென்றது. 2025 ஜூலையில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது இரண்டு கோலையும் போட்டவர் நடுக்கள ஆட்டக்காரி சங்கீதா பாஸ்ஃபோர். இவர்கள் எவருடைய ஆட்டமும் முற்றி முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தேர்வுக்குழுக்களில் "வயசாயிடுச்சு, சின்னப் பிள்ளைங்களுக்கு இடம் கொடுக்கலாம்" என்று சொல்லப்படும் வயது பெரும்பாலும் இருபத்தேழு, இருபத்தெட்டு. விங்கரைப் பற்றி அப்படிச் சொன்னால் விவாதிக்கலாம். நடுக்கள ஆட்டக்காரியைப் பற்றிச் சொன்னால் அது ஆட்டம் தெரியாத பேச்சு.

மூத்தவள் இடத்தை அடைத்துக்கொண்டால் இளையவள் எப்படி வளர்வாள் என்று கேட்பார்கள். நடுக்களத்தில் ஒருவருக்கு மேல் நிற்கிறார்கள் என்பது பாதி பதில். மீதிப் பதில் பாரிஸில் இருக்கிறது. பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் நடுக்களத்தில் ஃபோர்மிகாவோடு சேர்ந்து ஆடியவர்களில் ஒருவர் கிரேஸ் ஜெயோரோ. 1997இல் பிறந்தவர், அவர் பிறப்பதற்கு முன்பே ஃபோர்மிகா ஒரு உலகக் கோப்பையும் ஒரு ஒலிம்பிக்கும் ஆடி முடித்திருந்தார். தோளுக்குப் பின்னால் பார்ப்பது எப்போது, ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்த வேண்டியது எப்போது, முன்னேறிப் போகாமல் நின்றுவிட வேண்டியது எப்போது என்பதைப் பயிற்சியாளர் ஓரக்கோட்டிலிருந்து கத்திப் புரியவைப்பதைவிட, பத்து மீட்டர் பக்கத்தில் நின்று ஆடுகிற மூத்தவள் ஒரு சைகையில் புரியவைத்துவிடுவாள். 2020-21இல் அந்த அணி, பதினான்கு ஆண்டு தொடர்ந்து பிரெஞ்சுப் பட்டத்தை வைத்திருந்த லியோனிடமிருந்து அதைப் பறித்தது. அந்தப் பருவத்தின் முடிவில் ஃபோர்மிகா 43 வயதில் பிரேசில் திரும்பினார். ஜெயோரோ 24 வயதில் அந்த நடுக்களத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நம் மாவட்ட அணிகளில் செய்ய வேண்டியதும் இதுவே: பத்தொன்பது வயதுக்காரியை இறக்கும்போது முப்பத்திரண்டு வயதுக்காரியை வெளியே எடுக்காமல் அவள் பக்கத்திலேயே நிறுத்துங்கள். மூத்தவளின் முழங்காலுக்கு பிசியோவும், குழந்தை பிறந்த பின் திரும்பி வர ஓராண்டு அவகாசமும், வருஷம் முழுக்க ஆட்டங்களும் கொடுங்கள்.